நாற்பத்தொரு நாள் ஆஜர்

"இல்ல" என்றாள். அந்தச் சொல் வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காப்பீட்டு நிறுவன அதிகாரி தாளை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பேனாவின் மூடியால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டே கீழே போனார். நாற்பத்தொரு தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு வழக்கு எண், அதற்கு எதிரே அவள் பெயர், அதற்கு எதிரே எல்லா வரியிலும் ஒரே சொல். ஆஜர்.

"நீங்க கோர்ட்டுக்குப் போயிருக்கீங்க, மேடம். வேலை பாத்திருக்கீங்க. இதை நாங்க சொல்லல. கோர்ட் சொல்லுது."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நாலே சொல். ஒரு காலத்தில் இதைப்போல நாலாயிரம் சொல்லை நின்ற இடத்தில் நின்று கொட்டியிருக்கிறாள்.

"நான் அன்னைக்கு... அந்த... குடைல..."

பக்கத்தில் இருந்த கணவர் வாயைத் திறந்தார். முழங்கையால் இடித்தாள். இடியை வாங்கிக்கொண்டு அவர் சொல்லிவிட்டார்.

"ஆஸ்பத்திரி, சார். இதுல ஏழு தேதி இவ ஆஸ்பத்திரிப் படுக்கையில இருந்தா. டிஸ்சார்ஜ் தாள் உங்க ஃபைல்லயே இருக்கு."

அதையும் பார்த்துவிட்டதாக அதிகாரி சொன்னார். ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரித் தாள் சரி என்றால் கோர்ட் பதிவு தப்பு. கோர்ட் பதிவு தப்பு என்றால், இல்லாத ஆளை இருப்பதாகச் சொன்னது யார்? அந்த ஆள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். பெயரோடு. அடுத்த திங்கட்கிழமை மறுபரிசீலனைக் குழு கூடுகிறது.

"தராட்டி?" என்றார் கணவர்.

"ஃபைலை மூடிடுவோம்."

அப்போது அவள் பேசினாள். "மானங்கெட்ட நாய்ங்களா, பதினோரு வருஷமா மாசாமாசம் வாங்கித் தின்னீங்களே, அப்ப தெரியலையா நான் யாருன்னு? தூ, வெக்கங்கெட்டதுங்க."

ஒரு சொல் தட்டவில்லை. அதிகாரி கோபப்படவும் இல்லை. குறிப்பேட்டை இழுத்து ஒரு வரி எழுதினார். எதிராளியின் தாளைத் தலைகீழாகப் படிப்பது வக்கீல்களுக்குப் பழகிப்போன வித்தை, அவள் படித்தாள். 'பேச்சு தெளிவாக உள்ளது.'

வசவு தலைக்குள் வேறு அறையில் இருக்கிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வசவு, பாட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணுவது எல்லாம் அந்த அறைதான். அந்த அறைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுக்கு அந்த அறை எப்போதுமே கொஞ்சம் பெரிசு என்று கணவர் டாக்டரிடம் சொல்ல, டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கோர்ட் கட்டிடத்தில் அவளைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியவன் கதையை நீட்ட ஆரம்பித்தால் "போதும், அடுத்தது" என்று நறுக்கிவிடுவாள். நறுக்கிய இடம் எப்போதும் சரியான இடமாக இருக்கும். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். அந்த வக்கீல் வாயால் சொல்லும் மனுக்களை டைப் அடிக்கும்போதே பிழை திருத்திவிடுவாள். பிழை என்றால் எழுத்துப் பிழை அல்ல. வாதத்தில் இருக்கும் ஓட்டை. ஒரு நாள் அவர் அதைக் கண்டுபிடித்து, டைப் அடிப்பவள் டைப் மட்டும் அடித்தால் போதும் என்று தாள்களை அவள் மடியில் எறிந்தார். அவள் குனிந்து பொறுக்கினாள். வரிசைப்படுத்தி மேசையில் வைத்தாள். மறுநாள் மாலை நேரச் சட்டக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கினாள். அந்தக் கோபத்திலேயே படித்து முடித்தாள். இருபத்தாறு வருஷம் அதே கோபத்தில்தான் வாதாடினாள் என்று சொன்னால் அவள் மறுக்கமாட்டாள்.

தொழில் முடக்கக் காப்பீட்டை வக்கீல் சங்கத்துக்குக் கொண்டுவந்ததே அவள். அப்போது அவள் பொருளாளர். உடம்பு முடங்கி வக்கீல் வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் வரும் என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னாள். நாம என்ன மூட்டையா தூக்குறோம், நாற்காலியில உக்காந்திருக்கிறவனுக்கு என்ன முடங்கப்போகுது என்று கேண்டீனில் கேலி செய்தார்கள். "நாக்கு முடங்கினா என்ன பண்ணுவீங்க, கை தட்டியா வாதாடுவீங்க?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். சங்கக் கூட்டத்தில் ஷரத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்ததும் அவள்தான். தன் சொந்தத் தொழிலின் முக்கிய வேலைகளைச் செய்ய இயலாமை. அந்தக் காலத்தில் தொழிலில் ஈடுபட்டதாகப் பதிவு இருந்தால் பணம் கிடையாது. இதையும் படித்தாள். இது நியாயம்தான், வேலை செய்துகொண்டே பணம் வாங்கலாமா என்று விளக்கமும் சொன்னாள்.

முதல் கையெழுத்து முக்காலியுடையது. அவன் அவளோடு கல்லூரியில் படித்தவன். இரண்டு பேருக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேசை, ஒரு மின்விசிறி. கால் உடைந்து ஒரு வருஷம் கம்பு ஊன்றி நடந்ததில் முக்காலி என்று பெயர் வந்தது. கம்பை விட்டு பதினாறு வருஷம் ஆகியும் பெயர் விடவில்லை.

பத்து மாதத்துக்கு முன்னால், ஒரு பாகப்பிரிவினை வழக்கில், சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்க எழுந்தாள். பத்திரத்தில் இருப்பது உங்கள் கையெழுத்தா என்பதுதான் கேள்வி. "பத்திரத்துல இருக்கிறது உங்க..." என்று நின்றாள். கையெழுத்து என்ற சொல் இல்லை. மறந்துபோனது போல இல்லை. மறந்தால் நாக்கு நுனியில் ஏதாவது இருக்கும். இங்கே அந்த இடமே இல்லை. விரலைக் காற்றில் கிறுக்கிக் காட்டினாள். சாட்சி ஆமாம் என்று தலையாட்டினார். நீதிபதி எழுதிக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள். சாயங்காலம் வீட்டில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சாவி இதோ என்று சொல்வதற்குச் சீப்பு இதோ என்று சொன்னபோதுதான் கணவர் ஆட்டோ கூப்பிட ஓடினார்.

தலைக்குள் ஒரு சின்ன ரத்தக்குழாய். பதினான்கு நாள் ஆஸ்பத்திரி. கை கால் எல்லாம் சரியாக இருந்தது. நடந்தாள், சாப்பிட்டாள், கையெழுத்துப் போட்டாள். யார் என்ன சொன்னாலும் புரிந்தது. பொருள்களின் பெயர்கள் மட்டும் போய்விட்டன. மனிதர்களின் பெயர்களும். பேச உட்கார்ந்தாலும் அப்படித்தான், எழுத உட்கார்ந்தாலும் அப்படித்தான். பார்க்க வந்தவர்கள் வெளியே போய், நல்லாத்தானே இருக்காங்க என்றார்கள். அவள் காது நன்றாகவே கேட்டது.

மூன்றாம் நாள் முக்காலி வந்தான். அவளுடைய வழக்குகளின் பட்டியல் அவன் கையில் இருந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவில்லை.

"நான் முதுகு குடுக்கிறேன். நீ படு" என்றான்.

அந்தக் கோர்ட் கட்டிடத்தில் அப்படி ஒரு வழக்கம். ஒரு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு, பிரசவம் என்றால் அவருடைய வழக்கு கூப்பிடப்படும்போது அறையில் இருக்கும் வேறு வக்கீல் பாதி எழுந்து "ஆஜர், வாய்தா வேணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இவருக்குப் பதிலாக நான் என்றெல்லாம் சொல்வதில்லை. பெஞ்ச் கிளார்க் தலையைத் தூக்காமல், வழக்குக் காகிதக் கட்டின் மேல் எழுதியிருக்கும் வக்கீல் பெயருக்கு எதிரே ஆஜர் என்று எழுதுவார். நீதிபதி தலையைத் தூக்காமல் அடுத்த தேதி சொல்வார். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரருக்கு ஒரு கறுப்புக் கோட்டின் முதுகு மட்டும் தெரியும். நம் வக்கீல் இருக்கிறார் என்று நிம்மதியாகப் போவார். இல்லாவிட்டால் சாயங்காலமே கட்டை வாங்கிக்கொண்டு வேறு வக்கீலைத் தேடிப் போய்விடுவார். இதற்குப் பெயர் முதுகு கொடுப்பது. அவள் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறாள். முக்காலியின் காலுக்காக மட்டும் ஐந்து மாதம் கொடுத்தாள்.

சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தாள். ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். அதுவரை முக்காலி கொடுத்தான். ஒரு பெண், ஆண் குரலில் நாற்பத்தொரு முறை ஆஜரானாள். ஒரு தலையும் தூக்கவில்லை. சரியாகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தாள். ஊரார் பத்திரத்தையெல்லாம் வரி வரியாகப் பிரித்து மேய்ந்தவளுக்கு, தானே படித்துக் காட்டிய ஷரத்துக்குள் முக்காலியின் முதுகும் வந்து உட்காரும் என்று தோன்றவில்லை. அங்கே வேலை செய்த அறுபத்து மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. அவர்களுக்கு அது பொய்யாகவே தெரிந்ததில்லை.

முக்காலி கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தங்கை டைப் அடித்துக் கொடுத்தாள். தங்கை ஒன்றாம் வகுப்பு டீச்சர். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே வீடு முழுக்கத் தாள் ஒட்டியிருந்தாள். கடிகாரத்தின் மேல் கடிகாரம், கதவின் மேல் கதவு, பீரோவின் மேல் பீரோ. ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை போதும்க்கா, என் பிள்ளைங்க அப்படித்தான் கத்துக்குதுங்க என்றாள். நான் என்ன ஒன்றாம் வகுப்பா என்று கேட்க நினைத்தாள். வந்தது வசவு. தங்கை அழுதாள். அவள் எல்லாத் தாளையும் கிழித்தாள். குளியலறை கீசர் உயரத்தில் இருந்ததால் அது மட்டும் தப்பித்தது.

கணவர் வேறு மாதிரி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டால், கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா இது தெளிவா என்று கேட்பதைப்போல ஆரம்பித்துவிடுவார். "சீப்பா? சோப்பா? சாவியா? சாவி தானே?" பெரும்பாலும் சரியாக இருக்கும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷம் இந்த வீட்டில் அவள் பேச, அவர் கேட்டார். இப்போது அவளுக்கு வேண்டிய சொல்லெல்லாம் அவர் பையில் இருந்தது.

புதன்கிழமை தாளை எடுத்துக்கொண்டு தனியாக அறைக்குப் போனாள். இரண்டாவது மாடி, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல். அவள் மேசையின் மேல் முக்காலியின் கட்டுகள் அடுக்கியிருந்தன. அவள் நாற்காலி சுவரோரம் கட்சிக்காரர்களுக்குப் போயிருந்தது.

"வா... வா... உக்காரு" என்றான். ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக. "டீ... வேணுமா?"

கல்லூரியில் மூன்று வருஷம் அவள் நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவன். அவள் தாளை நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான். கண்ணாடியைக் கழற்றி வைத்தான்.

"பட்டியல்ல என் பேர் இருக்கு. உனக்குத் தெரியும்" என்றான். இப்போது சாதாரணமாகப் பேசினான். நீதிபதி பதவிக்கு அனுப்பிய பட்டியல் அது. அடுத்த மாதம் முடிவாகும். "இதுல கையெழுத்துப் போட்டா, கோர்ட்ல நாப்பத்தொரு தடவை பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

"நீ தானே சொன்ன."

"நீ தானே சொல்லச் சொன்ன."

அது உண்மை. மணிக்கட்டைப் பிடித்தது அவள்தான். அவள் எழுந்தாள். தன் மேசையின் மேலிருந்த அவனுடைய கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். எறியவில்லை. பதினெட்டுக் கட்டுகள். ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர்ந்தாள். அவன் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. கடைசிக் கட்டையும் வைத்துவிட்டு, சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து வந்து போட்டு, வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அவன் ஒரு யோசனை சொன்னான். திங்கட்கிழமை அவனே வந்து அவளுக்காக வாதாடுவான். மருத்துவக் காரணத்தை மட்டும் வைத்து. அந்தத் தேதிகளைத் தொடாமலே இதை ஜெயிக்க வழி இருக்கிறது.

அவன் நல்ல வக்கீல். வேறு யாரும் வரப்போவதும் இல்லை. அந்தக் குழுவின் முன்னால் வந்து நின்று, நேருக்கு நேர் கேட்டால், சொல்லிவிடுவான் என்று அவள் நினைத்தாள். இருபத்தொன்பது வருஷமாகத் தெரிந்தவன். தன் காப்பீட்டுத் தாள்களின் கட்டை அவன் பக்கம் தள்ளினாள். ஆஸ்பத்திரித் தாளின் ஒரு நகலை மட்டும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுபரிசீலனைக் குழு ஐந்தாவது மாடியில் உட்கார்ந்தது. நீள மேசை, தரை விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு பக்கம் ஒரு டாக்டர், அவர் பெண். இன்னொரு பக்கம் நிறுவனத்தின் ஆள், அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதிய அதிகாரியின் மேலதிகாரி. கணவருக்குச் சுவரோரம் நாற்காலி கொடுத்தார்கள். நிறுவனத்துக்காக ஒரு சின்ன வயது வக்கீல் வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னான்.

"உங்களைப் பாத்துத்தான் மேடம் குறுக்கு விசாரணை கத்துக்கிட்டேன். பின்னாடி பெஞ்சுல உக்காந்து நோட்ஸ் எடுப்பேன்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

முக்காலி இருபது நிமிஷம் பேசினான். நன்றாகப் பேசினான். வக்கீலின் கருவி என்ன, கோட்டா, புத்தகமா, சொல்லா என்று கேட்டான். சொல் இல்லாத வக்கீல் கை இல்லாத தச்சன் என்றான். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினான். அந்த நிறுத்தங்கள் அவளுடையவை. அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, அடுத்தது என்ன சொல்வான் என்று ஒரு நொடி முன்னதாகவே தெரிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் தாளைப் புரட்டினார். எல்லாம் சரி, இந்த நாற்பத்தொரு தேதிகளுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அன்றைக்குக் கோர்ட்டுக்கு வந்தாரா, வரவில்லையா?

முக்காலி தண்ணீர் குடித்தான். பாட்டிலை மூடி, மூடியைத் திருகி, மேசையில் வைத்தான்.

"பதிவேட்டை நான் மறுக்கலைங்க. வந்தாங்க. வாய்தா மட்டும் வாங்கிட்டுப் போனாங்க. அதை வேலைன்னு சொல்ல முடியாதுங்கிறதுதான் என் வாதம்."

கெட்டிக்காரத்தனமான பதில். அவனும் தப்பிக்கலாம், அவளுக்கும் ஒரு சந்து திறந்து வைத்தது மாதிரி இருக்கும். ஆனால் ஷரத்து அவளுக்குத் தெரியும். ஈடுபட்டதாகப் பதிவு இருந்தாலே போதும். கொஞ்சமா நிறையவா என்று அதில் இல்லை. அவனுக்கும் தெரியும். அறுபத்து மூன்று பேருக்கும் அவள் படித்துக் காட்டியபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன்.

அவள் எழுந்தாள்.

கைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், நாற்பத்தொரு தேதிகள் இருந்த பட்டியலின் பக்கத்தில் அதை வைத்தாள். பட்டியலின் முதல் தேதியில் விரலை வைத்தாள். மற்றக் கையின் விரலை ஆஸ்பத்திரித் தாளில் அதே தேதியில் வைத்தாள். முக்காலியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் எங்க?"

"உக்காரு" என்றான், மெதுவாக.

"எங்க?"

அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கண்ணாடிக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகள் இப்படி நீதிபதியைப் பார்த்து அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தால், பதில் வரப்போகிறது.

"படுத்திருந்த."

"எழுந்தது யாரு?"

ஏ.சி. கரகரவென்று ஓடியது. அவள் அவசரப்படவில்லை. சாட்சி சும்மா இருக்கும்போது வக்கீலும் சும்மா இருக்க வேண்டும் என்பது அவளுக்குச் சொல் இல்லாமலே தெரியும்.

"நான்" என்றான்.

விரலைப் பட்டியலின் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். "எல்லாம்?"

"எல்லா நாளும் நான்தான். அவங்க ஒரு நாளும் வரல."

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இல்லை. ஆனால் பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு வேலையைச் செய்து முடித்ததுபோல் இருந்தது.

சின்ன வக்கீல் எழுந்தான். எழுந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன் என்று தோன்றியது.

"ஒரு விஷயம் பதிவு பண்ணிக்கணும்" என்றான். "மேடம் இப்ப நம்ம கண் முன்னாடி ஒரு குறுக்கு விசாரணை பண்ணினாங்க. இதைவிட நல்லா ஒண்ணை நான் பாத்ததில்ல. கோர்ட் வேலை செய்ய முடியாதுன்னு கேட்டு வந்தவங்க."

நிறுவனத்தின் ஆள் உடனே எழுதிக்கொண்டார்.

வசவு அறையின் கதவு திறந்தது. எல்லாம் வரிசையாக, முழுசாக, தட்டாமல் வந்து நின்றது. அவன் பிறப்பு, அவன் படிப்பு, அவன் பின்னாடி பெஞ்சில் எடுத்த நோட்ஸ். வாயைத் திறந்தாள். சுவரோரம் கணவர் நாற்காலியில் நிமிர்வது தெரிந்தது. 'பேச்சு தெளிவாக உள்ளது.' வாயை மூடினாள். பற்கள் ஒன்றோடொன்று இடித்தன. வக்கீலான பிறகு கோபத்தை விழுங்கியது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் தன் முன்னால் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னம்மா?"

"அது... தாளை... குத்தும். அது."

"பேர்?"

அவள் தலையசைத்தாள். டாக்டர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் மணி என்றாள், இல்லை என்றாள், மறுபடியும் மணி என்றாள். பிறகு டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம். அதன் விளிம்பை எந்தக் கல்லில் தேய்ப்பார்கள், தேய்க்கும்போது எவ்வளவு தண்ணீர் விடுவார்கள், அந்த வெள்ளைத் தூள் சட்டையில் படிந்தால் எத்தனை தடவை அலச வேண்டும் என்று தெரியும். முப்பது வருஷம் அலசியிருக்கிறாள். வீட்டு வாடகை அதில் வந்தது. சட்டக் கல்லூரிக் கட்டணம் அதில் வந்தது. பெயர் இல்லை.

சுவரோரம் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தார். இது தெளிவா, இது தெளிவா என்று அவர் கேட்கவில்லை. அவள் தலையைத் திருப்பி, இங்கே சொல்லித் தொலையேன் என்பதுபோல அவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"போதும்" என்றார் தலைவர்.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவங்க கேட்டதுக்கு ஒரு விரலும் ஒரு தாளும் போதுமாயிருந்தது, எதிர்ல நின்னவரும் தெரிஞ்சவரு. முன்பின் தெரியாத சாட்சிகிட்ட ஒரு பத்திரத்தைப் பத்திக் கேக்கச் சொல்லுங்க பாப்போம் என்று மற்ற இருவரிடமும் சொன்னார். நிறுவனத்தின் ஆள் அதை எழுதிக்கொள்ளவில்லை. தலைவர் முக்காலியிடம், இப்போது சொன்னதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். தருகிறேன் என்றான். வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினான். ஒரு பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டான். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

முக்காலி கட்டை மூடி நாடாவைக் கட்டினான். வெளியே லிஃப்டுக்குள் போய், கதவு மூடாமல் கையை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு மாடி" என்றார் கணவர்.

"தெரியும்" என்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மூன்றாம் எண் கோர்ட்டில் பதினொன்று பத்துக்கு அவளுடைய வழக்கு ஒன்று கூப்பிடப்பட்டது. அவள் பெயரில் மிச்சமிருந்தவற்றில் அது ஒன்று. அறையில் ஆறு வக்கீல்கள் இருந்தார்கள். முக்காலியும் இருந்தான். யாரும் எழவில்லை. பெஞ்ச் கிளார்க் இரண்டாவது முறை கூப்பிட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, வக்கீல் ஆஜரில்லை என்று எழுதினார். வழக்கு பதினைந்து நாள் தள்ளிப்போனது. மத்தியானம் அந்தக் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து கட்டைக் கேட்டார். கணவர் கடைக்குப் போயிருந்ததால் அவளே எடுத்துக் கொடுத்து, அவர் நீட்டிய ரசீதில் கையெழுத்துப் போட்டாள். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், ஒரு உறுப்பினருக்காக இன்னொரு உறுப்பினர் ஆஜர் சொல்லக் கூடாது என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கீழே செயலாளர் என்று முக்காலியின் கையெழுத்து இருந்தது. நீதிபதிப் பட்டியலைப் பற்றி அன்றைக்கு யாரும் எதுவும் பேசவில்லை. நாலு மணிக்குத் தபால் வந்தது. தண்ணீர் வரி நோட்டீஸ் மட்டும் இருந்தது. சாயங்காலம் தங்கை வந்து படம் போட்ட அட்டைகளை எடுத்து வைத்தாள். இருபது அட்டைகளில் எட்டுக்கு அவள் சரியாகப் பெயர் சொன்னாள். பதினேழாவது அட்டையில் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பதினெட்டாவதை எடுத்தாள்.